வாத்தியாருக்கு நான் கற்றுக்கொடுத்த இறந்தகாலம்

இங்கிலீஷ் வினைச்சொற்களின் இறந்தகாலத்தில் என்னை மிஞ்ச அந்தக் காலத்துப் பாளையங்கோட்டைப் பெண்கள் போர்டிங்கில் ஆள் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பணம் கொடுப்பதைச் சொல்லும் 'பே' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி இறந்தகாலம் கேட்டால், பாதிப் பெண்கள் கடைசியில் இரண்டு எழுத்தை ஒட்டிவிட்டுத் தைரியமாக நிமிர்ந்து உட்காருவார்கள். அங்கே 'ஒய்' எழுத்தை எடுத்துவிட்டு 'ஐ' போடவேண்டும். 'ப்ளே' என்ற சொல்லில் அதே 'ஒய்'யைத் தொட்டால் தப்பு. 'லீட்' இறந்தகாலத்துக்குப் போகும்போது நடுவில் இருக்கும் 'ஏ'யை உதறிவிட்டுப் போகும். 'ரீட்' எதையும் உதறாது. எழுத்து அப்படியே இருக்கும், வாய் மட்டும் மாறும். 'ஹோப்' என்றால் நம்புவது, 'ஹாப்' என்றால் நொண்டியடிப்பது. இறந்தகாலத்தில் இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு 'பி' எழுத்து. என்னோடு படித்த ஒருத்தி தன் தகப்பனாருக்கு எழுதிய கடிதத்தில், உங்களைப் பார்ப்பேன் என்று மூன்று மாதமாக நொண்டியடித்தேன் என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

இதற்கெல்லாம் என்ன விதி என்று கேட்டால் எங்கள் வெள்ளைக்கார டீச்சரம்மா, விதி கிடையாது, மனப்பாடம் செய் என்பார். நான் செய்தேன். போர்டிங்கில் எங்கள் முறைக்கு மாவாட்டும்போது ஆட்டுக்கல்லின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சொல். ஏழாம் வகுப்பு முடிக்கும்போது நூற்றைம்பது சொற்கள் என் கைக்குள் இருந்தன. அடுத்தவர் தப்பாக ஒன்று எழுதியிருந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. கண்ணில் தூசி விழுந்ததுபோல் உறுத்தும்.

இந்த நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆனபோது எனக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே ஆறு மைலில், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் ஒரு கால்வாயின் கரையில் ஊர். ஓலைக்கூரை போட்ட பள்ளிக்கூடம், அதன் முதுகோடு ஒட்டினாற்போல் எங்கள் வீடு. வாசலில் நின்றால் பிசானப் பருவத்து நெற்பயிர் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும். நான் வந்த முதல் வாரத்திலேயே அந்த வீட்டை என் வீடு என்று முடிவு செய்துவிட்டேன்.

அவருடைய இங்கிலீஷைப் பார்த்தது இரண்டாவது வாரத்தில். மார்கழிக் காற்று பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிய்த்துவிட்டது என்று மிஷனுக்கு ஒரு கடிதம் எழுதி மேசைமேல் வைத்திருந்தார். எடுத்துப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. வினைச்சொல் ஒன்றுகூடச் சரியில்லை. 'ஸ்போக்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஸ்பேக்', 'ப்ரோக்' என்று வரவேண்டிய இடத்தில் 'ப்ரேக்', 'டக்' வரவேண்டிய இடத்தில் 'டிக்டு'. 'பில்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாலையே சேர்த்து 'பில்டெட்' ஆக்கியிருந்தார்.

"இது எந்த ஊர் இங்கிலீஷ்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு கனத்த புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். தோல் அட்டை போட்ட பழைய ஆங்கிலப் புத்தகம்; எங்கள் மிஷன் கோயிலில் வாசிக்கும் வேதபாடங்களும் ஜெபங்களும் அதில் இருந்தன. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு பாதிரியார் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அவர் இங்கிலீஷ் படித்தது முழுக்க அந்த ஒரு புத்தகத்திலிருந்துதான். அது முந்நூறு வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷ் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மிஷன் கிராமங்களில் அப்படி எழுதிய வாத்தியார்மார் இன்னும் பலர் இருந்தார்கள். மாட்டுத்தீவனம் பற்றி எழுதினாலும் தீர்க்கதரிசி எழுதியதுபோல் இருக்கும்.

ஆனால் அதையே அவர் வாசிக்கக் கேட்கவேண்டும். மாதம் ஒருமுறை சுற்றுவட்டாரத்து மிஷன் வாத்தியார்மார் எல்லோரும் மனைவியரோடு பாளையங்கோட்டையில் கூடுவார்கள். வலதுபுறம் பெஞ்சுகளில் ஆண்கள், இடதுபுறம் பாயில் நாங்கள். வாத்தியார்மாரிடம் பள்ளிக்கூடக் கணக்கு விசாரிப்பார்கள். எங்களிடம் மனப்பாட வசனமும் தையலும் கேட்பார்கள். கூட்டம் தொடங்கும்போது வெள்ளைக்காரப் பாதிரியார் முன்னால் ஒரு வாத்தியார் எழுந்து ஆங்கிலப் பாடம் வாசிப்பார். பாதிரியாரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் ஒவ்வொரு மாதமும் என் கணவரைத்தான் கூப்பிடுவார். அவர் குரல் கனத்த குரல். அந்தப் பழைய சொற்கள் ஒவ்வொன்றும் அந்தக் குரலுக்கென்றே செய்துவைத்ததுபோல் இருக்கும். இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாத பெண்கள்கூட கையிலிருக்கும் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் சர்க்கார் உத்தரவு ஒன்று வந்தது. எங்கள் பக்கத்து மிஷன் பள்ளிக்கூட வாத்தியார்மார் எல்லோரும் இங்கிலீஷ் பரீட்சை எழுதித் தேறவேண்டும், நாலு மாதம் தவணை. தேறாதவர்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போனால் வீடும் போகும். பிறகு திருச்செந்தூர்ப் பக்கம் தேரிச் செம்மணல் காட்டில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டில் போய் ஒண்டவேண்டும். அந்த வீட்டில் ஏற்கெனவே பதினோரு பேர்.

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நான் சொல்லித்தாரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஏளா, நான் வாத்தியார்லா?"

"அதனாலதான் சொல்லுதேன். வாத்தியாருக்குப் பரீட்சைல போச்சுன்னா ஊரே சிரிக்கும்."

மறுநாளே பாடம் தொடங்கிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் அவர் பலகையோடு அடுப்படிக்கு வந்துவிட வேண்டும். ஒரு சொல்லை மூன்று தரம் தப்பாக எழுதினால் தண்டனையாகக் கால்வாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர். முதல் வாரம் எங்கள் வீட்டுத் தொட்டி, அண்டா, ஆட்டுக்கல்லின் குழி எல்லாம் நிரம்பி வழிந்தன. ஆம்பிளை குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதை அந்த ஊர் பார்த்ததே கிடையாது. படித்துறைப் பெண்களுக்கு நல்ல வேடிக்கை.

"வாத்தியாரம்மாவுக்கு மேலுக்கு முடியலையோ?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. அவுகளுக்குத்தான் முடியல" என்றேன். அவர் காதில் விழுந்தது. குடத்துத் தண்ணீர் தளும்பும்படி அவரும் சிரித்தார்.

எழுத்துக்கூட்டும் சங்கதிகள் சீக்கிரமே அவருக்குப் பிடிபட்டுவிட்டன. எந்தச் சொல்லில் 'ஒய்' போகும், எதில் நிற்கும், எதில் எழுத்து இரட்டிக்கும் என்பதெல்லாம் இரண்டே வாரத்தில் தண்ணிபட்ட பாடு. பழைய புத்தகத்துச் சொற்களிடம்தான் என் பாச்சா பலிக்கவில்லை. 'ஸ்போக்' என்று எழுது என்றால் கை எழுதும், முகம் வாடிப்போகும்.

ஒருநாள் பலகையைக் கீழே வைத்துவிட்டார். "நான் ஜெபிக்கிற வார்த்தைய நீ தப்புன்னு சொல்லுத. அது எப்படித் தப்பா இருக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. "பிள்ளைகளுக்குப் பலகையில என்ன எழுதிப்போடுதீங்க? செய்கிறான்னுதான எழுதுதீங்க. வீட்டுல எங்கிட்ட என்ன சொல்லுதீங்க? செய்யுதான்னு சொல்லுதீங்க. இதுல எது பொய்?"

"ரெண்டும் தமிழ்தான்."

"அப்படித்தான் இதுவும். அது கோயிலுக்கு, இது சர்க்கார் கச்சேரிக்கு."

அவர் தலையாட்டினார். எவ்வளவு அழகாக விளக்கிவிட்டோம் என்று எனக்கே என்மேல் ஒரு மெப்பு. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விடிந்ததும் அவர் அந்தப் புத்தகத்தை எடுத்து வாசிப்பார். சாயங்காலம் பலகையில் பழைய சொல் மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் புத்தகத்தை எடுத்து என் டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

"பரீட்சை முடியுற மட்டும்தான். தமிழ்ல ஜெபம் பண்ணுங்க, ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதா என்ன?" என்றேன்.

அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது. இடையில் இரண்டு மாதக் கூட்டங்கள் வெள்ளத்தாலும் ஐயர் ஊரில் இல்லாததாலும் நின்றுபோயின. என் கணவரின் வாய் அந்தப் புத்தகத்தைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது கூட்டம் நடந்தது. வழக்கம்போல் ஐயர் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர் எழுந்துபோய், அங்கே இருந்த கோயில் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். முதல் மூன்று வரி பழைய குரல். நாலாவது வரியில் 'ஸ்பேக்' வந்தது. அவர் 'ஸ்போக்' என்றார். நிறுத்தினார். பின்னால் போய்ச் சரியாக வாசித்தார். அடுத்த வரியில் இன்னொரு சொல், மறுபடியும் அதே தடுமாற்றம். பிறகு பழைய சொல் சரியாகவே வந்த இடத்திலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விரலை வரிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வினைச்சொல்லுக்கு முன்னாலும் நின்று நின்று போனார். முப்பது வாத்தியார்மாரும் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பின் பெஞ்சில் யாரோ கனைத்தார்கள்.

"போதும், உட்காருங்கள்" என்றார் ஐயர், மெதுவாக.

என் பக்கத்தில் இருந்த ஒரு வாத்தியார் வீட்டம்மா என் முழங்கையைத் தொட்டு, "ஒங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சலா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் நாலு மைல் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார். கால்வாய்ப் பாலம் வந்ததும் நின்றார்.

"எனக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. அதையும் திருத்திட்ட."

பிறகு, பரீட்சை எழுதப்போவதில்லை என்றார். அண்ணனுக்குக் கடிதம் போடப்போகிறேன் என்றார். இரண்டையும் சத்தம் போடாமல்தான் சொன்னார்.

இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, முதல் ஒரு வாரம் எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒருநாள் தடுமாறியதற்கு வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுப் போவதா என்று பாத்திரங்களை டங்கென்று வைத்தேன். கோபம் வடிந்தபிறகுதான் மற்றது தெரிந்தது. விடிகாலையில் அவர் எழுந்து, அலமாரிக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவார். அந்த வீட்டில் காலையில் ஒரு குரல் இருந்தது. அதை நான் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தேன். புத்தகத்தை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தேன். அவர் பார்த்தார். தொடவில்லை.

அடுத்த கூட்டம் பரீட்சைக்கு முந்தின நாள் விழுந்தது. பரீட்சையும் பாளையங்கோட்டையில்தான் என்பதால் எல்லோரும் அன்று ராத்தங்கலுக்கு மூட்டையோடு வந்திருந்தார்கள். நாங்கள் மூட்டை கொண்டுபோகவில்லை. பரீட்சை எழுதவில்லை என்று ஐயரிடம் சொல்லிவிட்டுப் பொழுது சாயுமுன் திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார்.

கூட்டம் தொடங்கியது. ஐயர் பெஞ்சுகளைப் பார்த்தார். அவர் பார்வை என் கணவர்மேல் வந்து, தாண்டி, வேறொரு வாத்தியாரிடம் போய் நின்றது. அந்த வாத்தியார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

நான் எழுந்துவிட்டேன். யோசித்துச் செய்தது இல்லை. அந்தக் கூட்டத்தில் பெண்கள் கேட்டால் பதில் சொல்வோமே தவிர, தானாக எழுந்து பேசியவள் ஒருத்தியும் கிடையாது. ஊசிகள் எல்லாம் நின்றன.

"அம்மா, தாங்கள் ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களோ?" என்றார் ஐயர். அவர் தமிழ் எப்போதும் அச்சடித்த தமிழ்.

இங்கிலீஷில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் என் கணவர் தலைகுனிந்தது அத்தனை பேர் முன்னால். ஐயருக்கு மட்டும் விளங்கினால் போதாது.

"ஐயா, போன கூட்டத்துல இவுக தடுமாறுனாகள்லா, அது இவுக குத்தமில்ல. பரீட்சைக்குப் படிக்கணும்னு இவுக புஸ்தகத்த நான் பூட்டி வச்சிருந்தேன். அதுல இருக்கிற வார்த்தையெல்லாம் தப்பு தப்புன்னு சொல்லிச் சொல்லி இவுக வாய நான்தான் கெடுத்தேன். அதெல்லாம் அந்தப் புஸ்தகத்துல சரிதான். தப்பு என்னுது."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. புருஷன் பெண்டாட்டியிடம் பாடம் படித்தான் என்பது அதுவரை எங்கள் ஊர்ப் படித்துறைக்கு மட்டும் தெரிந்த கதை. இப்போது முப்பது வாத்தியார்மாருக்கும் தெரிந்துவிட்டது. சரிசெய்ய எழுந்தவள் முன்னைவிட மோசமாக்கிவிட்டேன்.

பின் பெஞ்சுக்காரர் ஒருவர் விடவில்லை. "என்ன வே, வீட்டுக்குள்ளயே பள்ளிக்கூடமா? அங்கன வாத்தியார் யாரு, நீரா அவுகளா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கணவர் எழுந்தார். எங்கே வெளியே போய்விடுவாரோ என்று நான் அவரையே பார்த்தபடி நின்றேன்.

"அவதான் வே வாத்தியார்" என்றார். "மூணு மாசமா எனக்குச் சொல்லித்தந்தா. தப்பா எழுதுனா தண்ணி சொமக்கச் சொன்னா, சொமந்தேன். நாளைக்குப் பரீட்சை எழுதுவேன்லா, அப்போ பாரும்."

நாளைக்கு எழுதுவேன் என்று அவர் சொன்னதை அங்கே இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன். முதலில் எழுந்து நின்ற வாத்தியார், நல்ல மனுஷன், புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். ஐயர் தலையசைத்தார்.

அவர் வாசித்தார். ஒரு பக்கம் முழுதும், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அத்தனை நாளும் அந்தச் சொற்களைத் தப்பென்று அடிக்கோடு போட்ட நான், ஒவ்வொரு சொல்லும் வந்து இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை.

அன்று மூட்டையில்லாமல், பக்கத்து வாத்தியார் வீட்டம்மா கொடுத்த பாயில் தங்கினோம். மறுநாள் அவர் இரவல் பேனாவோடு போய்ப் பரீட்சை எழுதிவிட்டு மத்தியானம் வெளியே வந்தார். மூன்று வாரத்தில் தேறிவிட்ட செய்தி வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ வருஷம் இருந்தோம். பரீட்சையன்று வீட்டுக்கு நடக்கும்போது அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வெயில் தாழ்ந்திருந்தது. அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"ஒரு எடத்துல 'ஸ்பேக்'குன்னு எழுதிட்டேன். அப்புறம் ஒன் மொகம் ஞாபகம் வந்துச்சு. அடிச்சுட்டுத் திருத்துனேன்" என்றார்.

"நல்ல வேள."

கொஞ்ச தூரம் போனோம். "ஏளா, நேத்து அத்தன பேர் முன்னால எந்திரிச்சு நின்னியே. ஒனக்குப் பயமாவே இல்லையா?"

எனக்கென்ன பயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்படித்தான் நான் எப்போதும் சொல்வேன்.

"இருந்துச்சு" என்றேன். "நீங்க எந்திரிச்சு வெளிய போயிருவீங்களோன்னு இருந்துச்சு."

அவர் நடையைக் குறைத்தார். அந்தக் காலத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்சாதி பத்தடி பின்னால் வருவாள். ரோட்டில் அப்படித்தான் நடக்கவேண்டும். நான் பக்கத்தில் வரும்வரை அவர் நின்றார். மிச்சமிருந்த இரண்டு மைலும் எதிரே வந்தவர்கள் பார்க்கப் பார்க்கச் சேர்ந்தே நடந்தோம்.